நாற்பது எண்ணும்வரை

மாநிலச் சிறை, மத்தியப் பள்ளத்தாக்கு
கலிஃபோர்னியா
2004 மார்ச் 3

எல்டன்,

'அன்புள்ள' என்று தொடங்கி மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். அந்தச் சொல்லை என் கையால் எழுதினால் நீ மேலே படிக்கமாட்டாய். அதனால் வெறும் எல்டன்.

என் கடிதங்களை வாங்கிக்கொள்ளச் சம்மதம் என்று நீ கையெழுத்திட்ட தாளை அதிகாரி போன வாரம் காட்டினார். பதினோரு வருடத்தில் உன்னிடமிருந்து வந்த முதல் அசைவு. எழுத்து பிள்ளை எழுத்து மாதிரி இருந்தது. நீ இடக்கையன். அது இடது கையால் போட்ட கையெழுத்து இல்லை. ரொம்ப நேரம் பார்த்தேன்.

எனக்கு இங்கே கொட்டகையில் வேலை. அலுவலகங்கள் தூக்கிப்போட்ட கணினிகளை உடைக்கிறோம். பழைய பெட்டித் திரையின் பின்பக்கக் கண்ணாடிக் கழுத்தில் சுத்தியலால் ஒரே அடி. உள்ளே காற்று புகும்போது பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் வரும், பிறகு செத்துவிடும். நாளைக்கு அறுபது கழுத்து. உடைக்கும் முன் வட்டில் இருப்பதை எல்லாம் அழிக்க வேண்டும். அந்த மேசை இப்போது என்னுடையது.

நேற்று ஒரு பல் மருத்துவரின் பழைய கணினிப் பெட்டி வந்தது. மின்சாரம் கொடுத்தேன். மூலையில் நம் நிலா எழுந்தது.

நாம் எழுதிய அதே மென்பொருள், ஹெரான் நாட்காட்டி, எல்டன். மூன்றாம் பதிப்பு. வளர்பிறை, முழு நிலவுக்கு நான்கு நாள். சாயங்காலம் முற்றத்தில் வரிசையில் நிற்கும்போது வானத்தைப் பார்த்தேன். சரியாக இருந்தது. நான் போட்ட கணக்கு இன்னும் பிசகவில்லை.

இடது கை விரல்கள் தாமாகவே விரிந்தன. கன்ட்ரோல், ஆல்ட், டி. வலது கையில் மவுஸ், நிலாவின் மேல் ஒரு கிளிக். மூன்று கீயையும் விடாமல் பிடித்திருக்கும்வரை அதைச் செய்த நம் எல்லோரின் பெயர்களும் ஏறிவரும், விட்டால் மறையும். அதை அமைத்தவன் நான். உனக்குத் தெரியும்.

அழுத்தவில்லை. எல்லாவற்றையும் அழித்தேன். பிறகு உடைத்தேன்.

அக்டோபரில் எனக்குப் பரோல் விசாரணை. முதலாவது. அடிபட்டவன் என்ற முறையில் நீ வந்து பேசலாம், நீ சொல்வதற்குத்தான் எடை அதிகம் என்கிறார்கள். அதற்காக எழுதவில்லை. (இந்த வரியை நீ நம்பமாட்டாய். நானும் முழுதாக நம்பவில்லை.)

கேட்க விரும்புவது ஒன்று. பெயர்ப் பட்டியலிலிருந்து என்னை எடுத்தது யார்? மேலாளர் பிராட்டியா, நீயா?

நோரீன் நலமா? என் நாய் பிஸ்கட் என்ன ஆனான்?

வெர்ன்


சாண்டா குரூஸ்
2004 மார்ச் 22

வெர்ன்,

நலம் விசாரித்திருக்கிறாய். எழுதுகிறேன்.

இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை. நடுவிரல் மடங்காது. இடது கண்ணில் வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. தாடைக்குள் ஒரு தகடு. பனிக்காலத்தில் அதன் ருசி நாக்கில் ஏறும். சட்டைப் பொத்தான் போட ஏழு நிமிடம்.

நோரீன் 1997இல் என்னை விட்டுப் போய்விட்டாள். என் மனைவி கடைசியாகச் சொன்னது: "நாம ரெண்டு பேரும் படுத்தா நடுவுல அவனும் வந்து படுத்துக்கிறான், எல்டன். என்னால முடியல."

உன் நாய் நான்கு நாள் உன் வீட்டில் பூட்டிக் கிடந்தது. நோரீன்தான் கதவை உடைத்து எடுத்துவந்தாள். நான் மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று என்னைப் பார்த்து வாலாட்டியது. உதைத்தேன். சுவரில் மோதி விழுந்தது. எழுந்து, சுற்றிவந்து, உதைத்த காலின் மேலேயே தலையை வைத்துப் படுத்தது. 1999இல் செத்தது. தோட்டத்தில் இருக்கிறது.

சம்மதத் தாளில் கையெழுத்திட்டது ஒன்று கேட்கத்தான். நான் தரையில் கிடந்தபோது என் இடது கையின் மேல் பூட்ஸோடு ஏறி நின்று ஏதோ சொன்னாய். நினைவில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னாய்.

நினைவில்லையா?

எல்டன் மெய்ஸ்


மாநிலச் சிறை
2004 மே 9

எல்டன்,

உன் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். பிஸ்கட்டை நீ வைத்திருந்தாய் என்பது எனக்குத் தெரியாது. 

நினைவிருக்கிறது. அப்போதும் நினைவிருந்தது.

"இனிமே அந்த மூணு கீயை நீ எப்படி அழுத்துறேன்னு பார்க்குறேன்டா."

அதுதான். வக்கீல் மறக்கச் சொன்னார், மறந்தேன்.

மற்றதையும் எழுதிவிடுகிறேன். மூன்றாம் பதிப்பு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது பிராட்டி என்னை வெளியே அனுப்பினான். நான் அவன் அறைக் கதவைக் குத்தியிருந்தேன். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை, என் விரல் எலும்புதான் உடைந்தது. அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது நீ கார்வரை வந்தாய். "விடுடா, நிலா உன்னுதுதானே, அதை யார் எடுக்க முடியும்" என்றாய். அந்த ஒரு பேச்சில் இரண்டு மாதம் வாழ்ந்தேன்.

பிறகு தபாலில் ஒரு பார்சல். புதுப் பதிப்பு, ஆறு பிளாப்பி வட்டுகள். உள்ளே உன் இடக்கை எழுத்தில் ஒரு துண்டுச்சீட்டு: 'நிதானமாகப் பார்.'

ஏற்றினேன். அழுத்தினேன். நிலா பெரிதாகி, இருட்டில் பெயர்கள் ஏறிவந்தன. பதினோரு பெயர். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வாரம் ஒருமுறை வருவாரே ஒரு அம்மா, அவர் பெயர்கூட இருந்தது. கடைசிப் பெயரும் மேலே போய்த் திரை கறுத்தது. நான் இல்லை.

கையை எடுத்தேன். மேசையில் இருந்த கீபோர்டின் ஒயரைப் பிடுங்கினேன். அந்தக் காலத்து இரும்புத் தகடு வைத்த கீபோர்டு. அதைப் பக்கத்து இருக்கையில் போட்டுக்கொண்டு மலைச்சாலையில் நாற்பது நிமிடம் கார் ஓட்டினேன். நாற்பது நிமிடமும் மனசுக்குள் உன் சீட்டைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். நிதானமாகப் பார். நிதானமாகப் பார்.

நீ கதவைத் திறந்தாய். சிரித்தாய். "பார்த்தியாடா?" என்றாய்.

முதல் அடியிலேயே கீகள் பல் மாதிரி கொட்டின. அதற்குப் பிறகு பல்லும். நீ கையை உயர்த்தி ஏதோ சொல்ல வந்தாய். வாயில்தான் அடுத்தது விழுந்தது. என்ன சொல்ல வந்தாய் என்று நான் பதினோரு வருடமாக யோசிக்கிறேன் என்று எழுதினால் அது பொய். இரண்டு வருடமாகத்தான் யோசிக்கிறேன். அதற்கு முன் உன்னை முழுதாகக் கொல்லவில்லையே என்று யோசித்தேன்.

இங்கே டக்கர் என்று ஒருவன், கொட்டகையில் என் பக்கத்து மேசை. சாயங்காலம் ஸ்க்ரூடிரைவர்களை எண்ணித்தான் வெளியே விடுவார்கள். எண்ணிக்கை முடிந்த பிறகு ஒரு இரும்புப் பட்டையைப் பெட்டிக்குள் ஒளித்துவைக்கச் சொன்னான். "ஒளிச்சு வைக்கிறதுல நீ பெரிய ஆளாமே, தாத்தா. எனக்கும் ஒண்ணு வையேன்." மறுத்தேன். "சரி. உன் நேரம் வரும்" என்று சொல்லிச் சிரித்தான். போன மாதம் குளிக்குமிடத்தில் ஒருவனின் கன்னத்தைத் திறந்தவன் அவன். பல் வரிசை வெளியிலிருந்து தெரிந்தது.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். நான் கேட்டதற்கு நீ சொல்லவில்லை.

வெர்ன்


சாண்டா குரூஸ்
2004 ஜூன் 14

வெர்ன்,

பொய் சொல்லாததற்கு நன்றி. இப்படி ஒரு சொல்லை உனக்கு எழுதுவேன் என்று நினைக்கவில்லை.

உன் கடிதம் வந்ததிலிருந்து வேண்டாதவை எல்லாம் நினைவுக்கு வருகின்றன. முதல் பதிப்பில் எந்தத் தேதியிலாவது 'பசி' என்று அடித்தால் தெருமுனை வண்டியில் விற்கும் பரீட்டோ ரொட்டிச் சுருள் படமாக எழும். ஆவி பறக்கும். அதை வரைய நீ மூன்று நாள் வீணாக்கினாய். பிராட்டியின் பிறந்தநாளன்று மட்டும் கடிகாரம் ஒரு நிமிடம் பின்னால் ஓடும். ஃப்ரெஸ்னோவிலிருந்து ஒரு வக்கீல் அலுவலகத்துப் பெண் போன் செய்து, "உங்க கடிகாரத்துக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு, சார்" என்றாள். நீ போனை வாங்கி, "இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கங்கம்மா, நாளைக்குத் தெளிஞ்சிடும்" என்றாய். நாம் இருவரும் தரையில் உருண்டு சிரித்தோம். பிஸ்கட் குரைத்தது.

எத்தனை ஆயிரம் மேசைகள். ஒவ்வொரு திரையிலும் யாரும் தொடாத ஒரு மூலையில் நாம் உட்கார்ந்திருந்தோம். ஒருத்தருக்கும் தெரியாது. அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக எதையும் நான் பிறகு பார்க்கவில்லை. அதை எனக்குத் தந்தவனும் நீதான் என்பதை எழுதக் கை கூசுகிறது.

நம் விதி ஞாபகமிருக்கிறதா? மென்பொருளுக்குள் ஒன்றை ஒளித்தவன் இடத்தைச் சொல்லக் கூடாது. தேடுகிறவன்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு குறிப்பு மட்டும் கொடுக்கலாம். சொல்லிவிட்டால் அது செத்துப்போகும். நீ வைத்த விதி.

நீ கேட்டது. உன் பெயரை எடுத்தது நான். பிராட்டி சொன்னான், நான் எடுத்தேன். இந்த இடது கையால்தான், விரல்கள் இருந்தபோது.

எல்டன்


மாநிலச் சிறை
2004 ஜூன் 29

நீயா.

கார்வரை வந்தவன். நிலா உன்னுது என்றவன். நீயா.

உன் பரீட்டோவையும் சிரிப்பையும் எடுத்துக் குப்பையில் போடு. இரண்டு வருடமாக ராத்திரியெல்லாம் உட்கார்ந்து உனக்காக அழுதேன். ஒரு துரோகிக்காக அழுதேன். கேட்டுக்கொள், எல்டன். அக்டோபரில் என்னை விட்டாலும் விடாவிட்டாலும் என்றாவது ஒருநாள் உன் வாசலில் நிற்பேன். அப்போது கையோடு நிறுத்தமாட்டேன். நல்ல கண் ஒன்று மிச்சம் வைத்தது என் தப்பு.

இதைப் படித்துப் பார்க்காமலேயே உறையில் போடுகிறேன்.

வெ.


சாண்டா குரூஸ்
2004 ஜூலை 20

வெர்ன்,

உனக்கு நான் அனுப்பியது பாதிக் கடிதம். மறுபாதி அன்றைக்கே எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். நீ 'ஏன்டா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மறுநாளே தபாலில் போட்டிருப்பேன். உன்னால் காத்திருக்க முடியுமா என்று பார்க்க நினைத்தேன்.

உன்னால் முடியவில்லை. உன் மிரட்டல் வந்ததும் கதவை நானே உள்ளிருந்து பூட்டிக்கொண்டு மூன்று நாள் இருந்தேன். நீ இருநூறு மைல் தள்ளி, மூன்று வேலிக்குப் பின்னால் இருக்கிறாய். தெரிந்தும் பூட்டினேன்.

இப்போது மறுபாதி.

பிராட்டி தினமும் வந்து பட்டியலை ஓட்டிப் பார்த்தான். "அந்த ஆள் பேர் ஒரு எழுத்து இருந்தாலும் உன்னையும் அனுப்பிடுவேன்" என்றான். பெயர்கள் முடிந்து திரை கறுத்ததும் போய்விடுவான். எல்லோரும் அங்கேதான் கையை எடுப்பார்கள். அதனால் அதற்கு அப்பால் வைத்தேன்.

திரை கறுத்த பிறகும் கீகளை விடக் கூடாது. நாற்பது எண்ண வேண்டும். நாற்பதாவதில் இடப்பக்கமிருந்து ஒரு நாய் நடந்து வரும். ஒற்றைக் காது தொங்கும். பிஸ்கட். உன் பெயரைக் கூட்டிவரும்.

பதினேழு மாலை உட்கார்ந்து அந்த நடையை வரைந்தேன். உனக்குப் பார்சல் அனுப்பினேன். விதிப்படி ஒரே ஒரு குறிப்பு: 'நிதானமாகப் பார்.'

நீ கதவைத் தட்டியபோது, கட்டிப்பிடிக்க வந்திருக்கிறாய் என்று நினைத்தேன். "பார்த்தியாடா" என்று கேட்டேன்.

வாயில் அடி விழுவதற்கு முன் நான் சொல்ல வந்தது, "நாய்."

வழக்கில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். எழுதிக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. உன்னைத் திருப்பி அடிக்க என்னிடம் இருந்த ஒரே பொருள் அது. ஒரு நல்ல நாளுக்காக வைத்திருந்தேன். பதினோரு வருடம் அதைத் தீட்டினேன். உன் ஜூன் கடிதம் வந்ததும் எடுத்துவிட்டேன்.

அந்தக் கடிதம் மேசையில் இருக்கிறது. விசாரணைக் குழுவுக்கு அது ஒன்றே போதும்.

எல்டன்


மாநிலச் சிறை மருத்துவப் பகுதி
2004 செப்டம்பர் 5

எல்டன்,

ஒன்றரை மாதமாக நான் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. எழுத எதுவும் இல்லை. உன் கடிதத்தைப் படித்த அன்று சுத்தியலைத் தூக்கினேன், திரும்பக் கீழே வைத்தேன். நீ தீட்டியது நன்றாக இறங்கியது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன்.

ஒவ்வொரு நாளும் வரும் பெட்டிகளை எல்லாம் ஓட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூடம், வங்கி, இன்சூரன்ஸ். நிலா இல்லை. ஆகஸ்ட் 26, ஒரு கால்நடை மருத்துவரின் பெட்டி. மூலையில் நிலா இருந்தது.

கன்ட்ரோல், ஆல்ட், டி. கிளிக்.

பதினோரு பெயரும் போயின. செடி அம்மா கடைசி. திரை கறுத்தது. எண்ணத் தொடங்கினேன்.

ஒன்பதில் டக்கர் என் பின்னால் வந்து நின்றான். "என்ன தாத்தா, கறுப்புத் திரையில சினிமா பார்க்குறியா?" அவன் கையில் பெட்டியின் இரும்பு மூடி இருந்ததைத் திரையின் கண்ணாடியில் பார்த்தேன். பதினான்கில் முதல் அடி, தோளில். கொட்டகை முழுக்க அமைதியானது. யாராவது அடிபடும்போது வருகிற அமைதி. பத்தொன்பதில் வலது காதில் விளிம்போடு வெட்டினான். சூடாகக் கழுத்துக்குள் இறங்கியது. என் வலது கைக்கு ஒரு முழம் தள்ளிச் சுத்தியல். எட்டியிருந்தால் கிடைத்திருக்கும். உனக்குத் தெரியும், இதற்கெல்லாம் நான் யோசிக்கிற ஆள் இல்லை.

எட்டவில்லை. இடது கையை எடுத்தால் எல்லாம் மறையும்.

"திரும்புடா! திரும்பு!" என்று கத்தினான். எண்ணிக்கொண்டிருந்தேன். சத்தமாக எண்ணினேன் என்று பிறகு சொன்னார்கள். முப்பத்தொன்றில் விலா. நெற்றி கீபோர்டில் இடித்தது. இடது கையை மட்டும் மேசையோடு அழுத்தியிருந்தேன். முப்பத்தெட்டில் காவலர்களின் விசில்.

நாய் வந்தது, எல்டன். அதே நடை. பின்னங்கால் ஒன்று சற்றே இழுக்கும், அதைக்கூட விடவில்லை நீ. நடுவில் வந்து உட்கார்ந்து மேலே பார்த்தது. கீழே என் பெயர். அதன் கீழே 'நிலா இவனுடையது.'

படித்தேன். அப்போதுதான் கையை எடுத்தேன், அல்லது அவர்கள் எடுத்தார்கள். தெரியவில்லை.

வலது காது இனிக் கேட்காது. மூன்று விலா. நான் திருப்பி அடிக்கவில்லை என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டார் அதிகாரி. "எண்ணிக்கிட்டிருந்தேன், சார்" என்றேன். மூளையைப் படம் எடுத்தார்கள்.

என் ஜூன் கடிதத்தைக் குழுவிடம் கொடுத்துவிடு. எழுதியது நான்தான். நீ கதவைப் பூட்டிய அந்த மூன்று நாளும் அதில் இருக்கிறது.

மன்னிப்பு கேட்கவில்லை. கேட்கும் அளவுக்கு என் கை இன்னும் நீளவில்லை.

வெர்ன்


சாண்டா குரூஸ்
2004 அக்டோபர் 17

வெர்ன்,

விசாரணை அறையில் நாம் எதிரெதிரே ஐம்பது நிமிடம் இருந்தோம். நீ மேசையைப் பார்த்தாய். நான் உன் காதைப் பார்த்தேன். தையல் மோசமாகப் போட்டிருக்கிறார்கள்.

உன்னை வெளியே கூட்டிப்போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. உன் ஜூன் கடிதத்தையும் செப்டம்பர் கடிதத்தையும் சேர்த்தே கொடுத்தேன். குழுவின் தலைவி முதலாவதைப் படித்தார். தாளைக் கீழே வைத்துப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே முடிந்துவிட்டது. "அம்மா, இன்னொண்ணு இருக்கு. அங்கேயே நிறுத்திடாதீங்க" என்றேன். படித்தார். "நாயா?" என்று கேட்டார். "ஆமாம்மா, நாய்" என்றேன். அதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

"இவர் வெளியே வந்தால் உங்களுக்குப் பயமாக இருக்குமா?" என்று கேட்டார். "இருக்கும்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

இரண்டு வருடம் தள்ளிவைத்தார்கள். உனக்குச் சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டபோது சந்தோஷமாக இருந்தது. மறைக்கவில்லை. வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தபோது அந்தச் சந்தோஷம் இல்லை. சாவியை வைத்துக்கொண்டு வெயிலில் நின்றேன்.

வீட்டுக்கு வந்து பரணிலிருந்து பழைய கணினியை இறக்கினேன். ஒரு கட்டையில் மூன்று ஆணி அடித்தேன், மூன்று கீக்கும் சரியாக இடைவெளி விட்டு. கட்டையை இடது கையில் மிச்சமிருக்கும் விரல்களால் அழுத்திப் பிடித்து, வலது கையால் நிலாவைத் தொட்டேன். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை நின்றது. வரைந்து முடித்த நாளுக்குப் பிறகு நான் திரையில் பிஸ்கட்டைப் பார்க்கவே இல்லை. முப்பத்தொன்றில் கை வலித்தது. உன் விலாவை நினைத்துக்கொண்டேன். அதில் இரக்கமும் இருந்தது, இன்னொன்றும் இருந்தது.

சம்மதத் தாள் டிசம்பரோடு முடிகிறது. அடுத்த இரண்டு வருடத்துக்கும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. கதவை இன்னும் பூட்டித்தான் படுக்கிறேன்.

ஒன்று. பெயர் வந்ததும் நீ கையை எடுத்துவிட்டாய். அதற்குப் பிறகும் அங்கே ஒன்று இருக்கிறது.

என்ன என்று சொல்லமாட்டேன். விதி.

எல்டன்